காற்றுக்கூலி

செவ்வாய்க் கிரகத்தில் ஒரு மூச்சு ஒன்றேகால் காசு. இழுக்கிற மூச்சுக்குத்தான் விலை. விடுகிற மூச்சை யாரும் கணக்கில் வைப்பதில்லை. கொட்டாவிக்கு இரண்டரை. பாடுகிறவர்களும் சண்டை போடுகிறவர்களும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழ்ப்பேட்டைச் சுரங்க நகரத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள், "பொண்ணு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு?" என்று முதலில் கேட்பார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பதினான்கு என்றால் குடும்பப் பாங்கு. பதினெட்டைத் தாண்டினால், ஜாதகத்தைக் கொடுங்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள்.

ராஜபுஷ்பம் இந்த விலைவாசியில்தான் பிழைத்தாள். ஆனால் காற்று வியாபாரி என்று சொன்னால் கோபம் வந்துவிடும். "நான் காத்தை விக்கலை. காத்தைச் சுத்த விடுறேன். அதுக்குத்தான் கூலி" என்பாள். அவளிடம் ஒரு மனைவண்டி இருந்தது. எட்டுச் சக்கரத்தின் மேல் ஒரு முழு வீடு: ஆறு படுக்கை, தீயில்லாத அடுப்படி, குளியலறை என்று பெயர் வைத்த ஓர் அலமாரி. பத்தொன்பது வருஷமாக அந்த வண்டியில் ஊர் ஊருக்கு ஆள் ஏற்றிப் போனாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்தான் அவள் படுக்கை. நகராத வீட்டில் படுத்தால் அவளுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

காலையில் எழுந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, ஒவ்வொரு மூச்சுவாயிலும் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்ப்பது. மூச்சுவாய் என்பது படுக்கைக்கு ஒன்றாகத் தலைமாட்டில் இருக்கும் காற்றுத்துளை; அதிலேயே கணக்குக் கருவியும் உண்டு. ஒரு வாய்க்கு ஓர் ஆள் என்று கணக்கு. காகிதம் படபடத்தால் காற்று நடமாடுகிறது. தொங்கினால் எங்கோ அடைப்பு. இதைச் சொல்வதற்கென்றே 'சுழற்றி' என்ற பேசும் இயந்திரம் வண்டியில் இருந்தது. தசமப் புள்ளியோடு சொல்லும். ராஜபுஷ்பம் சுழற்றியை மதித்தாள், காகிதத்தை நம்பினாள்.

செவ்வாயில் எடை குறைவு. அதனால் சூடான காற்றுக்குக்கூட மேலே ஏறச் சோம்பல். ஒருவன் தூங்கினால் அவன் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே வேலையற்றவனைப் போல நின்றுகொண்டிருக்கும். வண்டியின் முன்பக்கம் மின்கலத்தின் சூடு. பின்பக்கம் வெளிக்குளிர் எலும்பைத் தேடி வரும். முன் சூட்டைத் தரைக்கடியில் பின்னால் தள்ளி, நின்ற காற்றைத் தலையிலிருந்து காலுக்கு இறக்கி, இருக்கைக்கு அடியில் உறிஞ்சி, பாசித்தொட்டிக்குள் விட்டு எடுத்து மறுபடி தலைமாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பாசிதான் காற்றைக் கழுவும். ஆனால் தொட்டி குலுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி நின்றால் பாசி அடியில் படிந்துவிடும். ஓடுகிற வரைக்கும்தான் அந்த வீட்டுக்கு மூச்சு.

இந்தத் தடவை ஆறு படுக்கைக்கு இரண்டே பயணிகள். பாத்திரக்கடை தனுஷ்கோடி அண்ணாச்சி, அவர் மனைவி கனகமணி. போகிற ஊர் பசும்பள்ளம், ஒன்பது நாள் வழி. அங்கே ஒரு பள்ளத்தாக்கையே கண்ணாடித் தாளால் மூடி, நாற்பது வருஷம் செடி வளர்த்துக் காற்று நிரப்பியிருந்தார்கள். மீட்டர் கிடையாது, முகமூடி கிடையாது. கீழ்ப்பேட்டையே மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டது. போனவர்கள் யாரும் திரும்பி வரப்போவதில்லை. பசும்பள்ளத்தில் ஒரு விதி வேறு இருந்தது: பயணி ஏறாத வண்டி மூன்றாம் நாள் பழைய இரும்பாகக் கருதப்படும்.

அண்ணாச்சி இதையெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் ஏறியிருந்தார்.

"நல்ல தகடு தாயி இது" என்று முதல் நாளே வண்டிச் சுவரை விரலால் சுண்டிப் பார்த்தார். "அண்டா அடிக்கலாம். அங்க போனதும் எடைக்குப் போட்டுரு. வெளியாளுக்கு எதுக்கு, நானே எடுத்துக்கிடுறேன்."

"ஊர் போய்ச் சேரட்டும் அண்ணாச்சி."

"சேர்ந்த பிறகு விலை இறங்கிரும். ஓடும்போதே பேசினா வண்டி விலை. நின்னுட்டா இரும்பு விலை."

ராஜபுஷ்பம் பாதையைப் பார்த்து ஓட்டினாள். அவர் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் நாள் அண்ணாச்சி காற்றுக்கூலியில் கை வைத்தார்.

"ஏம்மா, உன் காத்தை நான் எங்கயாவது எடுத்துட்டா போறேன்? இழுத்தேன், விட்டுட்டேன். உன் சாமான் உன்கிட்டயேதான் இருக்கு. அப்ப இது விலை இல்லை, வாடகை. வாடகைன்னா பாதிதானே?"

"திருப்பித் தர்றீக, இல்லைங்கலை. எப்படித் தர்றீக? உடுத்தின வேட்டியைத் துவைக்காம மடிச்சுத் தர்ற மாதிரி. துவைக்கிறது என் தொட்டி. துவைக்கிற கூலி சேர்த்தா ஒன்னரைக் காசு ஆகும். தெரிஞ்ச மனுஷராச்சேன்னு ஒன்னேகால் வாங்குறேன்."

கனகமணி வாய்விட்டுச் சிரித்தாள்.

"எட்டு மூச்சு போச்சு" என்றார் அண்ணாச்சி.

அன்று மத்தியானம் கீழ்ப்பேட்டையிலிருந்து அவருடைய மைத்துனன் பேசினான். பேசி முடித்ததும் மனைவியிடம், "நம்ம தெருவுல எல்லாக் கடையும் காத்து வாங்குதாம்" என்றார்.

சுழற்றி உடனே குறுக்கிட்டது. "எந்தக் கடை, எத்தனை மூச்சு கொள்முதல்? விலை தெரிந்தால் நம் விலையோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்."

"கடைக்கு ஆள் வரலைன்னு அர்த்தம்டா."

"ஆள் வராத கடைக்குக் காற்று எதற்கு?"

ஐம்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு கேள்வியை எந்த வாடிக்கையாளனும் அண்ணாச்சியிடம் கேட்டதில்லை. கனகமணி மறுபடி சிரித்தாள். ராஜபுஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. தன் வண்டியும் இன்னும் ஒரு வாரத்தில் அப்படித்தான் காற்று வாங்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காலையில் சுழற்றி ஓர் அறிவிப்புச் செய்தது. "நான்காம் படுக்கைப் பயணி ஒன்பது மணி நேரமாக மூச்சே விடாமல் உயிரோடு இருக்கிறார்."

ராஜபுஷ்பம் வண்டியைத் தானியங்கியில் விட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். அண்ணாச்சி தன் மூச்சுவாயை மூடி, அதில் துண்டையும் திணித்துவிட்டு, மனைவியின் தலைமாட்டோரம் வந்து சுருண்டு படுத்திருந்தார். ஒரு வாய்க்கூலியில் இரண்டு பேர். கண் சிவந்து முகம் உப்பியிருந்தது.

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது தாயி. உன் வண்டியில ஏதோ புழுக்கம்."

அவள் காகிதத் துண்டை அவர் தலையணைக்கு மேலே பிடித்தாள். அது அசையவில்லை.

"பாத்தீகளா? விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்திருக்கீக. மதினிக்குப் போக வேண்டியதையும் பாதி இழுத்திருக்கீக."

"ராத்திரியிலருந்து என் தலையும்தான் பாரமா இருக்கு" என்றாள் கனகமணி. "இந்த மனுஷர் மிச்சம் பிடிக்கிறது எல்லாம் என் மூச்சுலதான்."

ராஜபுஷ்பம் திட்டவில்லை. நடைபாதையில் ஒரு சின்ன விசிறியைச் சாய்த்து வைத்தாள். சூடும் குளிரும் சந்திக்கிற நடுப்படுக்கைக்கு அவர்களை மாற்றினாள். கனகமணியின் காலடித் தரையைக் கொஞ்சம் சூடாக்கினாள். இருவருடைய காகிதமும் ஒரே மாதிரி ஆடுகிற வரைக்கும் வாய்களைத் திருகித் திருகிச் சரிசெய்தாள். இதற்குத் தனிக்கூலி கேட்கவில்லை.

அண்ணாச்சி அதைத்தான் கவனித்தார். "இதுல உனக்கு என்ன லாபம்?" என்றார்.

"நீங்க நல்லாத் தூங்கினா எனக்கு ஓட்ட மனசு லேசா இருக்கும்."

அவர் நம்பவில்லை. ஆனால் தூங்கினார். மீதி வழியெல்லாம் சொகுசாகக் கழிந்தது. கனகமணி வெதுவெதுப்பான தரையில் காலை நீட்டிக்கொண்டு சுக்குக் காப்பி குடித்தாள். வெளியே சிவப்பு மண்மேடுகள் நகர்ந்தன. தொட்டியில் பாசி தளதளத்தது. "முப்பது வருஷத்துல இப்படித் தூங்கினதில்லை புஷ்பம்" என்று தினமும் ஒரு தடவை சொன்னாள். அண்ணாச்சி தினமும் ஒரு தடவை சுவரைச் சுண்டிப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குப் பசும்பள்ளம் வந்தது. அன்றுதான் திறப்பு விழா. நாலாயிரம் பேர் மைதானத்தில் நின்றார்கள். வாசலில் பெரிதாக ஒரு பலகை: 'காற்று இலவசம்'.

அண்ணாச்சி அதை இரண்டு தடவை வாசித்தார். "இலவசமா? அப்ப சரக்குல ஏதோ கோளாறு இருக்கு."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ராஜபுஷ்பம் வண்டியின் இரண்டு கதவுகளையும் ஒருசேரத் திறந்தாள். யாரும் சுழற்றிவிடாத காற்று உள்ளே வந்து எல்லாக் காகிதங்களையும் ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் போயிற்று. இலைவாசம் வந்தது. அவள் நெஞ்சு நிறைய ஒரு தடவை இழுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"சாயங்காலம் தராசோட வாங்க அண்ணாச்சி. எடை போட்டுருவோம்" என்றாள்.

விழா தொடங்கியது. மூன்று தலைமுறையாகச் சுரங்கத்தில் எவரும் தீக்குச்சி கிழித்ததில்லை. தீ காற்றைத் தின்றுவிடும், தண்டனை கடுமை. இங்கே கேட்பாரில்லை. முதலில் சாமிக்கு ஒரு கட்டி சூடம். அதை யார் வேண்டாம் என்பார்கள்? பிறகு சாம்பிராணி. பிறகு நிஜ எண்ணெயில், நிஜ நெருப்பில் வடை. பழைய படங்களில் மட்டும் பார்த்திருந்த பீடியை ஒருவர் சுருட்டிப் பற்றவைக்க, அவரைச் சுற்றி ஒரு கூட்டம். பத்தாயிரம் வாலா வெடித்தது. பிறகு யாருக்கோ போகி ஞாபகம் வந்தது. இனி எதற்கு என்று எல்லாரும் தங்கள் பழைய முகமூடி, மீட்டர், ரப்பர் குழாய்களைக் கொண்டுவந்து மைதானத்தின் நடுவே மலை மாதிரி குவித்துக் கொளுத்தினார்கள். மேளம் முழங்கியது.

"புகையுது பாருங்க" என்றாள் கனகமணி.

"புகையட்டும். ஊர்க் காத்துதானே, யார் கேக்கப் போறா?" என்று அண்ணாச்சியும் தன் மீட்டரை வீசினார்.

பள்ளத்தாக்குக்குக் கூரை இருந்தது. முந்நூறு மீட்டர் உயரத்தில் அந்தக் கண்ணாடித் தாளில் முட்டிய புகைக்குப் போக வேறிடம் இல்லை. மூன்று மணிக்குக் கூரை தெரியவில்லை. மூன்றரைக்கு எதிரே நிற்பவர் தெரியவில்லை.

கனகமணி இருமிக்கொண்டே வண்டியில் ஏறினாள். "புஷ்பம், அந்தக் கதவைச் சாத்து. உன் காத்தைப் போடு."

"வண்டி ஓடினாத்தான் மதினி பாசி வேலை செய்யும்."

"அப்ப ஓட்டு."

"எங்க போறது?"

"எங்கயும் போக வேண்டாம். சும்மா சுத்து."

ராஜபுஷ்பம் மைதானத்தைச் சுற்றி ஓட்டினாள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவர்கள், கண்ணாடிக்குள்ளே ஒரு பெண்மணி சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். இரண்டாவது சுற்றில் ஒருவர் கதவைத் தட்டினார். நான்காவது சுற்றில் வரிசை. "ஆளுக்கு என்ன?" என்று கேட்டார்கள், சொன்னாள், ஏறினார்கள். ஒருவர்கூடப் பேரம் பேசவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. எட்டுச் சக்கரமும் சுற்றச் சுற்ற மைதானத்தில் தூசி கிளம்பியது. தூசி கிளம்பக் கிளம்ப ஆட்கள் ஏறினார்கள்.

தனுஷ்கோடி அண்ணாச்சி தராசைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியோடு கூடவே ஓடிவந்தார்.

"நிறுத்து தாயி! எடை போடணும்!"

"பயணி இருக்கு அண்ணாச்சி. நிறுத்த முடியாது."

ஓடினார், இருமினார், கடைசியில் தராசை எறிந்துவிட்டுப் படியில் தொற்றி ஏறினார். கதவு சாத்திக்கொண்டது. ஒரு மூச்சு இழுத்தார். முகம் மலர்ந்தது.

"இதுல்ல காத்து!"

சுழற்றி எப்போதும்போலத் தெளிவான குரலில் ஆரம்பித்தது. "பாசித்தொட்டி ஆறு பேருக்கானது. இப்போது பத்தொன்பது பேர். ஆகவே கடந்த ஒரு மணி நேரமாக வெளிக்காற்றைத்தான் வடிகட்டி..."

"மெதுவாச் சொல்லு" என்று பல்லைக் கடித்தாள் ராஜபுஷ்பம்.

மற்றவர்கள் கவனிக்கவில்லை. அண்ணாச்சியின் காதில் விழுந்துவிட்டது. வெளியே பார்த்தார், உள்ளே பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "கீழ்ப்பேட்டையில இந்த மாதிரி வண்டி இன்னும் எத்தனை நிக்குது?" என்றார்.

"முப்பது இருக்கும். இரும்பு விலைக்கே கிடைக்கும் அண்ணாச்சி."

"எனக்கும் உனக்கும் பாதிப் பாதி. என்ன சொல்றே?"

"ஓட்டுறது நான். அறுபதுக்கு நாப்பது."

பேரம் படிந்தது, இருவர் மனமும் குளிர்ந்தது. சுழற்றி, யாரும் கேட்காமலே, அன்றைய கணக்கை வாசித்தது:

"வெளியே தொண்ணூறு கோடி கன மீட்டர் காற்று; விலை கிடையாது, வேண்டுவோர் இல்லை. உள்ளே நூற்றிருபது கன மீட்டர். இடம் நிரம்பிவிட்டது, வரிசையில் மூவாயிரத்துச் சொச்சம் பேர். இரண்டும் ஒரே காற்று. வித்தியாசம்: ஒரு கதவு."