காணாமல் போன தலைப்புகள்

துப்பறிவாளருக்கு அன்று அது மூன்றாவது வழக்கு. முதல் இரண்டும் மனைவிமேல் சந்தேகப்பட்ட கணவர்கள். நிமிர்ந்து உட்காரவே அவருக்கு அலுப்பாக இருந்தது.

வந்தவள் சக்கர நாற்காலி பழுதுபார்க்கும் கடைக்காரி.

"நெட்ல 'சக்கர நாற்காலி பழுது'ன்னு தேடினா எங்க கடைதான் சார் முதல்ல வரும். இப்போ பத்துப் பக்கம் தள்ளினாலும் இல்ல, எதிர்க்கடைதான் வருது. வெப்சைட்டைப் பார்த்துக்கறவன் என் கொழுந்தன். விலை போயிட்டான். ஆதாரம் மட்டும் குடுங்க, இன்னிக்கே வீட்டைவிட்டு அனுப்பிடறேன்."

"வெப்சைட் பக்கத்துல என்ன மாறியிருக்கு?"

"ஒரு வார்த்தை மாறல. முன்னைவிட லட்சணமாத்தான் இருக்கு. பார்வையில்லாத வாடிக்கையாளர் ஒருத்தர் மட்டும், 'போன் முன்னெல்லாம் தலைப்பு தலைப்பா தாவிப் படிச்சுக் காட்டும், இப்போ தாவ மாட்டேங்குது'ன்னார். அவர் போன் கோளாறா இருக்கும்."

"எதிர்க்கடைக்காரன் வெப்சைட்டுக்குள்ள புகுந்திருக்கான் சார்!" என்று துப்பறிவாளரின் இளம் உதவியாளர் துள்ளி எழுந்தாள்.

"உட்காரும்மா. உன்னைப் பார்த்தாலே எனக்கு மூச்சு வாங்குது."

கொழுந்தனை வரவழைத்தார்கள். நகக்கண்களில் நீலச் சாயத்தோடு, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் வாசலோரம் நின்றான். துப்பறிவாளர் அவன் விரல்களை ஒரு முறை பார்த்துவிட்டுக் கணினியைத் திருப்பிவைத்தார். வரிகளின்மேல் சுட்டியை இழுத்தார். சின்ன எழுத்துகள் எல்லாம் நிறம் மாறின. தலைப்புகளில் ஓர் எழுத்துகூட அசையவில்லை.

"இது எழுத்து இல்ல, எழுத்தோட படம். தேடுற மெஷினுக்குக் கண்ணு கிடையாது. இதுதான் தலைப்பு, இது அதுக்குக் கீழே வர்ற சேதின்னு உள்ளே குறிச்சு வைக்கணும். உங்க பக்கத்துல 'சக்கர நாற்காலி பழுது'ங்கறது தலைப்புல மட்டும்தான் இருந்துச்சு. கீழே பூரா 'நாங்க செய்வோம்', 'சீக்கிரம் தருவோம்'. எதைச் செய்வீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அந்த வாடிக்கையாளர் போன் திணறுறதும் இதனாலதான்."

"அப்போ இவன்தானே செஞ்சது?"

"இவர்தான். ஆனா விலை போனவன் ஏழு தலைப்பையும் பிரஷ்ஷால எழுதி, போட்டோ எடுத்து ஒட்டிக்கிட்டு இருப்பானா? பக்கத்தையே அழிச்சுட்டுப் போயிருப்பான்."

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். "முன்ன இருந்தது ஒரு கடைக்கான எழுத்தாவே இல்ல, அண்ணி. சப்புன்னு இருந்துச்சு. நான் பெயிண்டர். எனக்குத் தெரிஞ்சது இதுதான்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீங்க எங்க முகம் குடுத்துப் பேசுனீங்க?"

கடைக்காரி திரையில் இருந்த தலைப்புகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். குற்றவாளி கிடைக்காத வருத்தத்தில் உதவியாளர் குறிப்பேட்டை மூடினாள்.

"தலைப்பெல்லாம் டைப் பண்ணிப் போட்டுடு," என்றாள் கடைக்காரி.

"சரி அண்ணி. இந்தப் படங்களை அழிச்சுடறேன்."

"எதுக்கு அழிக்கிற? கடை வாசல் போர்டை இதே மாதிரி எழுது."

"எப்போ வேணும்?"

"நீ வீட்டுலதானே இருக்கப்போற," என்றாள் அவள். "மெதுவா எழுது."