ராணி பேசாத பக்கம்

மத்தியானம் மூன்று மணிக்கு ஒத்திகை. பழைய அரங்கின் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு ராணி வேடம் போடும் அவள் உள்ளே வந்தாள். ஈரச் சுவரும் மக்கிய துணியும் முகப்பவுடரும் கலந்த வாசனை.

மேடையில் சித்தப்பா நாடகப் பிரதியோடு உட்கார்ந்திருந்தார். இயக்குநர்கள் கைமாற்றிக் கைமாற்றி அவரிடம் வந்து சேர்ந்த ஒரே பிரதி. சந்தேகப்பட்டு மகனைக் கொன்ற அரசன். நஞ்சு குடித்துச் சாகும் ராணி. முதல் மேடையேற்றத்தில் ராணி கால் மணி நேரம் அரசனைக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் செத்தாள். அடுத்து வந்த இயக்குநர் அந்தப் பேச்சில் பாதியைப் பென்சிலால் அடித்தார், ராணி அழுதாள். அதற்கடுத்தவர் மொத்தத்தையும் பிளேடால் சுரண்டினார். ராணி அரசன் மடியில் செத்தாள்.

"இந்தத் தடவை மடியும் கிடையாது," என்றார் சித்தப்பா. "திரைக்குப் பின்னால ஒரு அலறல். அவ்வளவுதான்."

"அதுக்கு நான் எதுக்கு சித்தப்பா? ஒரு பூனையைப் பிடிச்சு வாலை மிதிங்க."

அரசன் வேடக்காரர் தொப்பை குலுங்கச் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. "ஒரு வார்த்தை கூடுதலா வந்தாலும் வேற ராணி பார்த்துக்குவேன். அண்ணன் பொண்ணுன்னு பார்க்க மாட்டேன்."

அவள் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு.

பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது.

திரும்பிக் கையை நீட்டினாள். செங்கல் சுவர். இடையில் ஆள் நிற்க இடமே இல்லை.

"உண்ண வா என்றழைத்துத்தானே வெட்டினாய்?" சுவரிலிருந்து ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. "அவன் கழுவிய கை இன்னும் காயவில்லையே."

ராணியின் கேள்விகளைச் சுரண்டிய பக்கத்தை அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்னைப் பயமுறுத்தாதீங்க," என்றாள் மெதுவாக. "வரியைச் சொல்லுங்க. நான் பேசறேன்."

அலற வேண்டிய இடம் வந்தது. அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு நடந்தாள்.

"உண்ண வா என்றழைத்துத்தானே வெட்டினாய்?"

"நிறுத்து!" சித்தப்பா எழுந்துவிட்டார்.

நிறுத்தவில்லை. ஒவ்வொரு வரியும் பிடரியில் சில்லென்று விழுந்தது. ஒவ்வொன்றையும் அவள் உரக்கச் சொன்னாள். அரசன் வேடக்காரர் பின்வாங்கினார்.

"நாளையிலேர்ந்து வராதே!" என்று கத்தினார் சித்தப்பா.

"வருவேன். கதவைப் பூட்டினா வாசல்ல நின்னு பேசுவேன்."

மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினாள்.

பேச்சு நிற்கவில்லை.

காலி நாற்காலிகளின் முதல் வரிசையிலிருந்து ராணியின் அடுத்த வரியை வேறொரு பெண் சொன்னாள். அதற்கடுத்ததை, கடைசி வரிசையிலிருந்து இன்னொருத்தி.