நிமிர்ந்து நின்ற டம்ளர்

குடையை மடக்கக்கூட மறந்து உள்ளே வந்தார் ஓய்வுபெற்ற நீதிபதியம்மா. பதவியில் இருப்பவர்கள் மீதான புகார்களை விசாரித்து ஆலோசனை சொல்லும் நெறிக்குழுவுக்கு அவர் தலைவர். மந்திரி மீதான புகாரில் குழு எடுத்த முடிவு, அறிக்கையாகும் முன்பே மந்திரியின் காதுக்குப் போயிருந்தது.

துப்பறிவாளர் கேட்டுக்கொண்டிருந்தார். ஊமைக்கோட்டான் என்றுதான் அவரைச் சொல்வார்கள். பேசுகிற வேலையை அவர் மனைவியின் தம்பி பார்த்துக்கொண்டான்.

குழுவில் மூவர். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள், எதையும் எழுதுவதில்லை. குற்றம் உண்டு என்பவர் தன் முன்னால் இருக்கும் டம்ளரைக் கவிழ்ப்பார். பிறகு அப்படியே எழுந்து போய்விடுவார்கள். அன்று அம்மாவும் பேராசிரியரும் கவிழ்த்தார்கள், தணிக்கையாளர் கவிழ்க்கவில்லை. ஆனால் மந்திரி போன் போட்டு நன்றி சொன்னது பேராசிரியருக்கு. அதைக் குழம்பிப்போய் அம்மாவிடம் வந்து சொன்னவரும் அவரேதான்.

"எதிரா நின்னவருக்கு நன்றி எதுக்கு? உளவு சொன்னதுக்குத்தானேன்னு கேட்டுட்டேன். அங்கேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டார். காலேஜ் நாள்லேர்ந்து சிநேகிதர். நான் செஞ்சது சரிதானான்னு தெரியணும்."

குழுவின் அறை மந்திரியின் அலுவலகக் கட்டடத்திலேயே இருந்தது. மைத்துனன் ஒட்டுக்கேட்கும் கருவியைத் தேடி மேசைக்கடியில் தவழ்ந்து, தலை நிறைய ஒட்டடையோடு எழுந்தான். துப்பறிவாளரோ ஏசிக்குக் கீழே ஈரக்கறை படிந்த நாற்காலியைப் பார்த்தபடி நின்றார்.

"இது யாரோடது?"

பேராசிரியருடையதாம். அன்று ஏசி ஒழுகியதால் தணிக்கையாளர் அவருக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு இதில் உட்கார்ந்தாராம்.

துப்பறிவாளர் மேசைப் பக்கம் திரும்பி, "நீங்க போனப்புறம் மேசையைத் துடைக்கிறது?" என்றார்.

"மந்திரி ஆபீஸ் பியூன்."

"அவன் ஆளைப் பார்க்கலைம்மா, டம்ளரைத்தான் பார்த்தான். பேராசிரியர் இடத்துல ஒண்ணு நிமிர்ந்து நின்னுச்சு. மந்திரி நன்றி சொன்னது அந்த ஓட்டுக்கு. உங்க மூணு பேர்ல யாரும் உளவு சொல்லலை."

மைத்துனன் துள்ளினான். "அப்போ வேற கட்டடம், சொந்த ஆளுங்கன்னு கேட்டுடலாமே அத்தான்?"

பலமுறை கேட்டாயிற்று என்றார் அம்மா. கொடுக்கவேண்டியவர் மந்திரி.

"பேராசிரியரையாவது திரும்பக் கூப்பிடுங்கம்மா" என்றான் மைத்துனன்.

"காலையிலேயே அவர் இடத்துக்கு ஆள் போட்டாச்சு. மந்திரியோட சம்பந்தி. புதுசா ஓட்டெடுக்கணுமாம்." அம்மா ஈர நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "எங்கள்ல யாரும் மந்திரிக்கு உதவலைன்னா சொல்றீங்க? நான் உதவியிருக்கேனே."