தவழ்ந்து காட்டு

மூன்றாவது கேமராவின் முதல் இரண்டு படங்களிலும் ஓவியா தவழ்ந்திருந்தாள். அவள் தவழ்ந்ததோ ஒரே முறைதான்.

மேடவாக்கத்து அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கும் காப்புக்காட்டில், ஓடை அறுத்த பாறைப் பள்ளத்தின் விளிம்பில், போன வியாழக்கிழமை மாட்டிய கேமரா. நரியோ புள்ளிமானோ கடந்தால் தானாகப் படமெடுக்கும். மாட்டியதும் ஒருவர் நாலு காலில் அதன்முன் போக வேண்டும். விளக்கு மினுங்கினால் சரி. அந்த ஒருவர் எப்போதும் ஓவியாதான். கூட வேலை பார்க்கும் ஸ்டெபின் இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பான்.

"நானும் எம்.எஸ்சி.தான்டா. எங்க வூட்டுல மொத டிகிரி. ஒனக்கு முட்டி இல்லியா?"

"நீதான் நரி சைஸ்ல இருக்க. சீன் போடாம போ."

இன்று நான்காவது கேமராவின் மெமரி கார்டை எடுக்க அவன் பள்ளத்துக்குள் இறங்கிப் பத்து நிமிடமாகிறது. அவள் இரண்டாவதை முடித்துவிட்டு இப்போதுதான் மூன்றாவதுக்கு வந்தாள்.

கேமராவின் சின்னத் திரையில் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினாள். வெள்ளிக்கிழமை. அது அவளில்லை. உடம்பில் துணியில்லை, பாறை நிறத் தோல், முழங்கை எதிர்ப்பக்கம் மடிந்திருந்தது. சனிக்கிழமை முழங்கை சரியாக மடிந்தது. ஞாயிறு, அவளைப் போலவே தலைதூக்கிக் கேமராவைப் பார்த்தது. நேற்று இரண்டு. ஒன்று தவழ, இன்னொன்று மரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலில் நின்று அதைப் பார்த்தது.

கடைசிப் படம் இன்றையது. எட்டு நிமிடம் முன்னால். மூன்று. மூன்றும் நின்றன, எதையும் பிடிக்காமல்.

தூரத்தில் தண்ணி லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. ஈரப்பாறையின் வாடை பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகள் எப்போது நிறுத்தின என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஸ்டெபின்! கார்டு கெடக்கட்டும், மேல வா!"

"ஓவியா... நீ வராத."

"இன்னாடா ஆச்சு?"

"கீழ வராத. ப்ளீஸ்."

அழுதுகொண்டிருந்தான். வாசல் கேட் அரை கிலோமீட்டர். ஓடிவிடலாம். அவனைத் திட்டிக்கொண்டே கீழே இறங்கினாள். சறுக்கும் கல். வேர். இன்னொரு கல். திருப்பம்.

ஸ்டெபின் தவழ்ந்துகொண்டிருந்தான். உள்ளங்கைகள் கிழிந்து பாறையில் சிவப்பாகக் கோடிழுத்தன. இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறைவரை. திரும்பி. மறுபடி.

மூன்றும் நின்று பார்த்தன. ஒன்று இடுப்பில் கைவைத்திருந்தது.

மூன்றில் சின்னது மட்டும் ஓவியா பக்கம் திரும்பியது. கையை உயர்த்தியது. உள்ளங்கையை மெதுவாகத் தரையை நோக்கித் தாழ்த்தியது.

ஸ்டெபின் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு, மற்ற இரண்டும் விலகி நின்றன.