வெறும் டிக்

சுலைமான் அனுப்பிய மாற்றத்தில் மூன்றே வரிகள் இருந்தன. நான்கு மணிக்குள் ஜெபசெல்வி ஒப்பமிட்டால், இருட்டுவதற்குள் அது நாட்டிலுள்ள எல்லாருடைய காதுக்குள்ளும் போய்விடும். தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

செவிக்காய்ச்சல் வந்து மனிதர்களின் கேட்கும் திறனை அள்ளிக்கொண்டு போய் முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது எல்லாருடைய காதுக்குப் பின்னாலும் புளியங்கொட்டை அளவில் ஒரு செவிப்பொறி. அத்தனை பொறிகளையும் ஓட்டுவது கருநிரல் என்னும் ஒரே பொது நிரல். அதில் ஒலியைப் பிடித்து நரம்புக்கு அனுப்பும் பகுதிதான் ஒலி இயக்கி. அதை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஆனால் சரிபார்ப்பவர் ஒருவர் அதைப் படித்து, தன் காதிலேயே ஏற்றிக்கொண்டு, ஒரு மணி நேரம் வெளியே நடந்து பார்த்த பிறகே ஒப்பமிட வேண்டும் என்பது விதி. பலர் நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. பதிவு செய்த ஒலிகளை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டுவிடுவார்கள்.

"நீங்களும் அப்படியே பண்ணுங்கக்கா," என்றான் சுலைமான் அழைப்பில். "மூணு வரிக்காக இந்தத் தூத்துக்குடி வெயில்ல நடக்கணுமா?"

"உன்னை நம்பலாம். உன் வரியைத்தான் நம்ப முடியாது. போன வருஷம் ரெண்டே வரியில ஊர் நாயையெல்லாம் ஊமையாக்கினவன் நீ."

"அதான் நீங்க பிடிச்சுட்டீங்கள்ல!"

இதுவரை அவன் அனுப்பிய ஆறு மாற்றங்களும் திரும்பியிருந்தன. இந்த ஏழாவதாவது ஏற்கப்பட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தான்.

அவன் சரிசெய்திருந்தது ஒரு பழைய தொல்லை. சுற்றிலும் ஓசை ஒரு கணம் ஓய்ந்தாலும் செவிப்பொறி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். ஏதாவது அதிர்ந்தால் விழிக்கும். விழிக்கும்போது காதுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். சில நேரம் டிக் மட்டும் வரும், பின்னால் எதுவும் கேட்காது. இந்த வெறும் டிக் எரிச்சலூட்டுகிறது என்று நாற்பத்தோராயிரம் பேர் புகார் எழுதியிருந்தார்கள். மனிதருக்குக் கேட்காத மிக மெல்லிய அதிர்வுக்கும் பொறி விழித்துக்கொள்வதுதான் காரணம் என்று சுலைமான் கண்டுபிடித்தான். அப்படிப்பட்ட அதிர்வுக்கு விழிக்காதே என்பதுதான் அவனுடைய மூன்று வரி.

"அந்த அதிர்வு எங்கேயிருந்து வருது?"

"எங்கேயிருந்து வந்தா என்னக்கா? கேக்காத சத்தம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நான் காலையிலேயே ஏத்திட்டேன். காதுக்குள்ள சொர்க்கம்! பழசைக்கூட அழிச்சுட்டேன்."

ஜெபசெல்விக்கு வரிகளில் குறை எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் பழையதைக் காதிலேயே ஓரமாக வைத்துக்கொண்டு, புதியதை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தாள். உண்மையிலேயே சுகமாக இருந்தது. ஒரு டிக்கும் இல்லை. ஒப்பமிட்டுவிடலாம் என்று நினைத்தபடி சாலையில் காலை வைத்தாள்.

முழங்கையை ஏதோ உரசியது. பின்னாலிருந்து வந்த மின்வண்டி ஒரு சாண் தள்ளி நின்றது.

ஓட்டுநர் தலையை நீட்டினார். "ஏம்மா, வண்டி வர்றது தெரியல?"

எப்படித் தெரியும்? முப்பது ஆண்டுகளாக வண்டிகளுக்குச் சத்தமே கிடையாது. சுவரோரம் ஒதுங்கி நின்று மற்றவர்களைப் பார்த்தாள். யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. கைத்திரையைப் பார்த்தபடி, வாழைப்பழத்தைக் கடித்தபடி, பேசியபடி போனார்கள். ஆனால் வண்டி நெருங்குவதற்கு முன்பே, யாரோ தோளைத் தொட்டதுபோல் ஒவ்வொருவரும் இரண்டடி ஓரம் ஒதுங்கினார்கள். ஒதுங்கியது அவர்களுக்கே தெரியவில்லை.

அவள் பழைய இயக்கிக்கு மாறினாள். அடுத்த வண்டி வந்தது. டிக். அவள் கால்கள் தாமாகவே பின்னால் நகர்ந்தன. மோட்டாரின் அதிர்வுதான் அது.

அப்போதுதான் சுலைமானின் நினைவு வந்தது. உடனே அழைத்தாள். ஒலித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள்.

"அக்கா! ஒப்பம் போட்டாச்சா?"

"எங்க நிக்கிற?"

"பிரியாணிக் கடைலதான். உங்களுக்கும் சேர்த்து ரெண்டு பொட்டலம் கட்டச் சொல்லியிருக்கேன். இதோ ரோட்டைத் தாண்டி..."

"அசையாதே! கடைக்குள்ளேயே இரு. நான் வர்றேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது, இரு கையிலும் பொட்டலங்களோடு படியில் நின்றுகொண்டிருந்தான். முழுசாக இருந்தான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சட்டையைப் பிடித்து அருகே இழுத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். அவன் சாலையைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று.

"காலையிலேர்ந்து நாலு தடவை தாண்டியிருக்கேன்க்கா."

"அஞ்சாவது தடவை என் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டு."

அவன் வீடு வரை அவனைப் பிடித்துக்கொண்டே போனாள். பழைய இயக்கியை ஏற்றியதும், தெருவில் போன ஏதோ ஒரு வண்டிக்கு அவன் காதில் டிக் என்றது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று நாற்காலியில் சாய்ந்தான். இருவரும் பிரியாணியைப் பிரித்தார்கள். அவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டு நாளாகியிருந்தது.

மூன்று வரிகளையும் அவனே திரும்பப் பெற்றுக்கொண்டான். அவற்றுக்குப் பதில் நிரலுக்குள் எழுதிவைக்க ஒரு குறிப்பு அனுப்பினான்: 'இந்த டிக்கை நீக்காதீர்கள். இது கேட்டால் மக்கள் தாமாகவே ஒதுங்குகிறார்கள். அது அவர்களுக்கே தெரிவதில்லை.' நான்கு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஜெபசெல்வி ஒப்பமிட்டாள். ஏற்கப்பட்ட அவனுடைய முதல் மாற்றம் அதுதான். கருநிரலில் ஒளிவுமறைவு கிடையாது. குறிப்பை ஊரே படித்தது.

மூன்று வாரம் கழித்து அவள் அதே கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தாள். டிக். கால்கள் இரண்டடி ஒதுங்கி ஒரு படி ஏறின. திரும்பிப் பார்த்தாள். சாலையில் வண்டி எதுவும் இல்லை. தலைக்கு மேல் ஜவுளிக்கடை வாசலில் உள்ளங்கை அளவில் ஒரு புதுப் பெட்டி சத்தமில்லாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து குளிர்காற்று வந்தது.

"வாங்கக்கா, சேலையா சுடிதாரா?" என்றாள் விற்பனைப் பெண்.

"நான் எதுவும் வாங்க வரலைம்மா."

"இப்பல்லாம் யாருமே வாங்கணும்னு வர்றதில்லக்கா," என்றாள் அவள், நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "ஆனா வந்துடுறாங்க."