இறங்கும்போது தருகிறோம்

கார் கதவைத் திறந்ததுமே கந்தக வாடை மூக்கில் ஏறியது. பக்கத்துப் பள்ளம் ஒன்றில் பூமி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. லாசன் மலையோ தனக்கும் நெருப்புக்கும் சம்பந்தமே இல்லாததுபோல், ஜூலை மாதத்திலும் தோளில் பனியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் நின்றது.

"அழுகின முட்டைய ஒடச்சு ஊத்தின மாதிரி இருக்குங்ணா," என்றான் அகிலன்.

"எரிமலைடா தம்பி. பின்ன சாம்பிராணி வாசமா வரும்?" என்று சிரித்தான் ஹாமித்.

மூவருக்கும் வெளிநாட்டில், சான் ரமோன் நகரில், ஒரே அலுவலகம். நெய்னா முகம்மதுவும் ஹாமிதும் கல்லூரிக் காலத்து நண்பர்கள். அகிலன் கோவைக்காரன், வயதில் இளையவன். விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு ஹாமிதின் புது வண்டியில் கிளம்பியவர்கள் ஒரே ஓட்டமாக வந்து சேர்ந்திருந்தார்கள். ஹாமிதுக்கு உச்சியில் நின்று போட்டோ எடுக்க வேண்டும். நெய்னாவுக்கு அங்கே நண்பகல் லுஹர் தொழ வேண்டும். அவன் பையில், மனைவி ஷம்சாத் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்த தேநீர் பிளாஸ்க்கில் இருந்தது.

பாதை வளைந்து வளைந்து ஏறியது. கொஞ்ச தூரத்தில் மரங்கள் நின்றுபோயின. அதன்பின் சாம்பல் நிறக் கல்லும் பொடியும்தான். கால் வைத்தால் சரசரவென்று சரிந்தது. மேற்கே வானம் கறுக்கத் தொடங்கியதைப் பார்த்த ஹாமித் நடையை எட்டிப் போட்டான்.

ஒரு வளைவில், நடுவே பிளந்து நாற்காலிபோல் நின்ற பாறையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரிலும் மெல்லிய அரைக்கைச் சட்டை. தலைமுடியெல்லாம் சாம்பல். உதடு வெடித்திருந்தது.

"தண்ணி இருக்குமா?" என்று கேட்டார், தமிழில்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. சனிக்கிழமையானால் எந்த மலையிலும் தமிழ் கேட்கிற ஊர்தானே அது. நெய்னாவின் கை பையை நோக்கிப் போனது.

"டேய், மழை வருதுடா! நின்னா டாப்புக்குப் போக முடியாது," என்று ஹாமித் அவன் தோளைப் பிடித்து இழுத்தான். போகிறபோக்கில் அந்த மனிதரிடம், "இறங்கும்போது தர்றோம் பாஸ், இன்ஷா அல்லாஹ்," என்றான்.

வராத விருந்துக்கும், கட்டாத வீட்டுக்கும், போன் பண்ணாத நண்பனுக்கும் அவன் சொல்கிற அதே இன்ஷா அல்லாஹ்.

"முன்னாடி போனவங்களும் அதத்தான் சொன்னாங்க," என்றார் அவர். குரலில் கோபமில்லை. அதுதான் நெய்னாவை உறுத்தியது. இருந்தும் அவன் நடந்தான்.

உச்சியில் நெய்னாவும் ஹாமிதும் தொழுதார்கள். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, காலணிகளைக் காவல் காத்துக்கொண்டிருந்த அகிலனைக் காணவில்லை.

"ண்ணா, இங்கதான் இருக்கேன்." குரல் மட்டும் பக்கத்தில் கேட்டது. அதற்குள் மேகம் மலையை விழுங்கியிருந்தது.

ஹாமித் எழுந்திருக்கவில்லை. தலையை இரண்டு கையாலும் பிடித்தபடி வாந்தி எடுத்தான். உயரம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவன் தண்ணீர்ப் பையில் சொட்டுக்கூட இல்லை. அகிலனின் பாட்டிலும் காலி. நெய்னா தேநீரைக் கொஞ்சங்கொஞ்சமாகப் புகட்டினான். கடைசியில் ஒரு மூடியளவு மிஞ்சியது.

"உடனே கீழ எறக்கணும்ங்ணா. லேட் பண்ணா மூச்சே நின்னுரும்னு படிச்சிருக்கேன்," என்றான் அகிலன்.

இருவரும் ஹாமிதைத் தோள்களில் தாங்கி இறங்கினார்கள். இடி எங்கோ மலையின் அடிவயிற்றில் உருண்டது. பிளந்த பாறை வந்தது. அதில் யாரும் இல்லை. நெய்னாவுக்கு, சொல்லவே வெட்கமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதி.

இறங்கினார்கள். வளைவு. இன்னொரு வளைவு. கல் சரிகிற சத்தம்.

மறுபடி பிளந்த பாறை.

"ண்ணா," அகிலன் கிசுகிசுத்தான். "இதத் தாண்டிட்டோமே?"

"வேற பாறையா இருக்கும். நட."

அது வேறு பாறை இல்லை. தாங்கள் சற்றுமுன் பதித்த காலடிகள், சாம்பலில், அதைத் தாண்டிக் கீழே போயின. ஹாமிதின் கால் இழுபட்ட கோடும் நடுவில் இருந்தது.

அந்த மலையில் ஒரே பாதைதான். கிளைகூடக் கிடையாது.

காவல் வேண்டி ஓதும் ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதிக்கொண்டே நெய்னா இறங்கினான். அகிலன் முருகனைக் கூப்பிட்டான். ஹாமிதின் மூச்சில் களகளவென்று நீர் கொதிப்பதுபோல் ஒரு சத்தம் சேர்ந்தது. கந்தக வாடை, மேலே இல்லாதது, இங்கே நெஞ்சை அடைத்தது.

மூன்றாம் முறை பாறை வந்தது.

அவர் உட்கார்ந்திருந்தார்.

கையை மட்டும் நீட்டினார். மழைத்தூறல் எல்லார்மீதும் விழுந்தது. அந்த உள்ளங்கையில் மட்டும் சாம்பல் நனையவில்லை.

"குடுக்காதீங்கண்ணா," அகிலனின் பல் கிட்டித்தது. "அது ஹாமித் அண்ணாவுக்கு. இது... இது ஆளே இல்லைங்ணா."

நெய்னா பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டான். ஒரு மூடி தேநீர். கண் செருகிக் கிடக்கும் நண்பன். யாருக்காக என்று தெரியாமல் அவன் அழுதான்.

ஹாமிதின் உதடு அசைந்தது.

"குடுத்துடுடா... நான்தான் அல்லாஹ் பேரச் சொல்லி வாக்குக் குடுத்தேன்."

நெய்னா மூடியில் ஊற்றி, "பிஸ்மில்லாஹ்" என்று நீட்டினான். அவர் குடித்தார். வற்றிய கிணற்றில் வாளி போய் மோதுவதுபோல் தொண்டைக்குள் ஒரு சத்தம். வெகுநேரம் கேட்டது.

பயத்தில் ஓடிவிடத்தான் கால் துடித்தது. ஆனால் குளிரில் ஒரு மனிதரை, மனிதரோ என்னவோ, அப்படியே விட்டுவிட்டுப் போக நெய்னாவுக்கு மனம் வரவில்லை.

"மன்னிச்சுக்குங்க பாய். ஏறும்போதே தந்திருக்கணும். இங்க தனியா ஒக்காந்திருக்காதீங்க. கீழ கார் இருக்கு. எங்ககூட வந்துடுங்க."

மூடி அவன் கைக்குத் திரும்பியது. சூடான தேநீர் ஊற்றிய மூடி, விரல் ஒட்டிக்கொள்ளும்படி உறைந்திருந்தது. நிமிர்ந்தபோது பாறை காலியாக இருந்தது. மேகம் கிழிந்து, காலடியிலேயே, கார்களின் கண்ணாடிகள் வெயிலில் மின்னின.

மலையை விட்டு இறங்க இறங்க ஹாமிதுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. வழியில் கடையொன்றில் வாங்கிய தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு, முன்சீட்டில் சாய்ந்தபடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். ஓட்டிக்கொண்டிருந்த நெய்னா சிரிக்கப் பார்த்தான்.

டிங். டிங். டிங்.

பின்சீட்டில் யாரோ பெல்ட் போடவில்லை என்று வண்டி சொன்னது.

"அகிலா, பெல்ட்."

"போட்டுட்டேன்ங்ணா."

"பைய சீட்ல வச்சிருக்கியா?"

"டிக்கில இருக்குங்ணா." கண்ணாடியில் அகிலன் தெரிந்தான். கதவோடு கதவாக ஒண்டியிருந்தான். பக்கத்து இருக்கையைப் பார்க்காமலிருக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டிங். டிங். டிங்.

காருக்குள் கந்தகம் மணத்தது.

ஹாமித் கண்ணை மூடியபடி, "நீ வரச் சொன்னல்ல?" என்றான் மெல்ல.

நெய்னா ஓரமாக நிறுத்தினான். இறங்கிச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்தான். இருக்கை காலி. மீதித் தண்ணீர் பாட்டிலை அதன்மேல் வைத்தான். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனிப்பதுபோல், பெல்ட்டை இழுத்துக் குறுக்காகப் போட்டு மாட்டினான்.

மணி நின்றது.

பெல்ட் இருக்கையோடு ஒட்டவில்லை. ஒரு மனிதரின் மார்பளவு முன்னே விலகி, விம்மி நின்றது.

மெல்ல ஏறி, இறங்கியது.