தறி நின்ற பகல்

மாதாந்திர மின்தடைக்காகத் தெருவின் விசைத்தறிகள் எல்லாம் அடங்கிய பிறகும், பாலமணிகண்டனின் வீட்டுக்குள் டக், டக் என்ற ஓசை மட்டும் நிற்கவில்லை.

"ஏலே பாலா, ஊருக்கே கரண்டக் காணோம், உன் தறிக்கு மட்டும் வானத்துல இருந்து வருதாலே?" வாசலில் போன பக்கத்துத் தறிக்காரன் அப்பய்யா சிரித்துவிட்டு நடந்தான்.

பாலாவின் தறியும் நின்றுதான் கிடந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் நூல் கஞ்சியும் நாறும் தறிக்கூடத்தில், ஜன்னல் வழியே கரிசல் புழுதியோடு வெக்கை அடிக்க, அசையாத தறிச் சட்டத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த மனைவி அஷ்வினியிடமிருந்துதான் அந்த ஓசை வந்தது. வாய் மூடியிருந்தது, கைகள் மடியில் கிடந்தன, காதுக்கு மேலே தழும்பைச் சுற்றி முளைத்த குறுமயிர் ஒவ்வொரு தட்டுக்கும் அதிர்ந்தது.

அங்கே முதலில் வீங்கியபோது, ஊடை நூலோடு தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டை தெறித்துப் பட்டிருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டார்கள். பற்றுக்கடியில் எலும்பு வளர்ந்தது. மதுரையில் எடுத்த ஸ்கேனில் மண்டையோட்டுக்குள் சூரியக் கதிர்போல் எலும்புக் குச்சிகள் விரிந்திருந்தன. "அபூர்வமான கட்டி. புற்றுநோய் இல்லை," என்றார் டாக்டர். அந்த எலும்பை வட்டமாக அறுத்தெடுத்துத் தகடு பொருத்தினார். "இனி வளராது. தலையில அடி மட்டும் படக் கூடாது."

"ஏங்க," என்றாள் அஷ்வினி, கண் திறக்காமல். "தறிச் சத்தத்துலதான் அது தூங்கும். இப்ப முழிச்சிருச்சு."

"கரண்டு சாயங்காலந்தாம்மா வரும்."

"கையால சுத்துங்க. இல்லன்னா வெளிய வந்துரும்."

அவன் தறியின் பக்கச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினான். நாடா ஓடியது, தறி அடித்தது, அவள் தலைக்குள் ஓசை தணிந்தது. கை ஓய்ந்தால் எழுந்தது. மறுபடி சுற்றினான். உள்ளங்கைத் தோல் உரிந்து, பாதி நெய்த மஞ்சள் சேலையில் ரத்தம் தெறித்தது.

கை வழுக்கியது. தறி நின்றது.

டக். டக். டக்டக்டக்.

அவள் நாடாவை உருவினாள். கூரிய இரும்பு முனை. முதல் குத்து தழும்பில்.

"அஷ்வினி!"

பாய்ந்தான். அவள் முழங்கை அவன் பல்லை உடைத்தது. அடுத்த குத்து. அதற்கடுத்தது. தோல் கிழிந்து தொங்கியது. நெம்பினாள். தகடு தரையில் விழுந்தது.

ஓசை நின்றது.

அவள் சரிந்தாள். தலையை மடியில் ஏந்தி, துண்டைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தப் போனான்.

முடியவில்லை.

துளையின் விளிம்பை உள்ளிருந்து பற்றியிருந்தன, நகமில்லாத வெள்ளை எலும்பு விரல்கள். அவை துண்டைத் தொட்டன. தடவின. பிடித்தன. அவன் கையோடு சேர்த்து, மெல்ல உள்ளே இழுத்தன.